கத்தரிக் கொல்லை வழியே வந்த ஜெனரேட்டர்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி முளைத்திருந்தது. 'வெள்ள நிவாரணம் — தாராளமாகக் கொடுங்கள்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்தவள் எட்டிப் பார்த்தேன்.

மேலாக ஒரு கோட். மாப்பிள்ளை வரவேற்புக்குப் போடுகிற, ஜிகினா வைத்த கோட்!

எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. இதைப் போட்டவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற மனிதர் இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவார்? கெட்ட எண்ணமெல்லாம் இருந்திருக்காது. அலமாரியைத் திறந்திருப்பார்... கண்ணில் பட்டதை எடுத்திருப்பார். நம்மில் பலர் அப்படித்தான் உதவுகிறோம். கஷ்டப்படுகிறவரைப் பார்த்து அல்ல, நம் அலமாரியைப் பார்த்து.

அசோசியேஷன் செயலாளர் பாஸ்கர் சார் பின்னாலிருந்து வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பசங்க ஆர்வத்துல பெட்டியை வெச்சுட்டாங்க மேடம். எடுக்கச் சொல்லிட்டேன். முதல்ல அங்க ஒரு வளர்மதியைப் பிடிக்கணும்."

வளர்மதி யார்? எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் புயல் வந்து டெல்டாவைப் புரட்டிப்போட்டதே, அப்போது நடந்தது இது. தஞ்சாவூரில் எங்களுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் போன உறவினர்கள் சொன்னதைக் கேட்க முடியவில்லை. தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகப் படுத்துவிட்டன. கரண்ட் கம்பங்கள் முறிந்து வயலில் கிடந்தன. அடுக்ககத்தில் உடனே கூட்டம் போட்டோம். பிரெட், பிஸ்கட், பழைய துணி, ஒரு வேன். பேனர் அடிக்க ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது மாடி திவ்யாவுக்கு பிரெட் பாக்கெட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. திவ்யா பூதலூர்ப் பெண், கல்யாணமாகி வந்தவள். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஃபோன் வந்தது.

நான் வங்கியில் இருந்தபோது திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் குழுவுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழுவின் தலைவி வளர்மதி. ஊரில் சிக்னல் இல்லாததால், ஃபோனுக்கு சார்ஜ் ஏற்ற மன்னார்குடிக்கு வந்திருந்தாள்.

"உயிரோட இருக்கோம் மேடம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நாங்க வேன்ல வர்றோம் வளர்மதி. பிரெட், துணி எல்லாம்..."

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பிரெட் வேணாம். மெயின் ரோட்டுல பிரெட்டு குமிஞ்சு கிடக்கு. எங்களுக்குத் தண்ணிதான் இல்ல."

"சரி, பாட்டில் வாங்கிட்டு வரட்டுமா?"

"ஒரு ஊருக்கு எத்தனை பாட்டில் மேடம் வாங்குவீங்க? போர் இருக்கு, மோட்டார் இருக்கு, டேங்க் இருக்கு. கரண்டு மட்டும்தான் இல்ல. ஜெனரேட்டர் கிடைக்குமா? குளத்துத் தண்ணியைக் குடிச்சு புள்ளைங்களுக்கு வயித்தால போகுது."

பாஸ்கர் சாரிடம் சொன்னேன். உடனே அவர் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற தன் நண்பரைக் கூப்பிட்டார். நண்பர் வாடகையே வேண்டாம் என்றார். "டீசலை மட்டும் நீங்க பாத்துக்குங்க. ஆபரேட்டரையும் அனுப்பறேன்."

மறுநாள் காலை கிளம்பினோம். சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டரை ஒரு மினி லாரி இழுத்துக்கொண்டு போக, பின்னால் வேனில் பாஸ்கர் சார், நான், திவ்யா, இன்னும் சிலர்.

வளர்மதி சொன்னது போலத்தான் இருந்தது. மெயின் ரோடு முழுக்க வண்டிகள். ஆளுங்கட்சிக் கொடி கட்டிய வேன், எதிர்க்கட்சிக் கொடி கட்டிய வேன். இரண்டிலும் ஒரே கம்பெனி பிரெட்! ரோட்டோரம் துணி மூட்டைகள் மழையில் ஊறிக் கிடந்தன. ஒரு மாடு பட்டுப்புடவை ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் போகவில்லை. போகத் தடை என்று யாரும் சொல்லவில்லை. வண்டிகள் நின்ற இடத்திலேயே காலியாகிவிட்டன, அவ்வளவுதான்.

வளர்மதி ரோட்டுமுனையில் காத்திருந்தாள். ஊருக்குள் போகிற பாதையைக் காட்டினாள். பாதையா அது? தென்னை மேல் தென்னையாக அடுக்கிவைத்த மாதிரி கிடந்தது. மரம் அறுக்கிற மெஷின் பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே வர இன்னும் சில நாள் ஆகும்.

"வேற வழியே இல்லையா?" என்றார் பாஸ்கர் சார்.

"இருக்கு சார்." வளர்மதி தயங்கினாள். "ஆனா அது வழி இல்ல. வழக்கு."

பக்கத்தில் ஒரு மேட்டுத் திடல். மணல் பாங்கான பூமி. அதில் கத்தரிக் கொல்லை. காற்றில் ஓரம் சிதைந்திருந்தாலும் நடுவில் செடிகள் நின்றிருந்தன. அதைக் குறுக்கே கடந்தால் நேரே தண்ணீர் டேங்க். ஆனால் மணலில் லாரி புதையும். டிராக்டர்தான் இழுக்கவேண்டும்.

நிலம் ராமலிங்கம் என்பவருடையது. சாகுபடி செய்பவள் ஊரின் இன்னொரு தெருவில் இருக்கிற ராசாத்தி. மாமனார் காலத்திலிருந்து குத்தகை. நிலத்தை விடச் சொல்லி அவரும், விடமாட்டேன் என்று இவளும் வருஷக்கணக்காக ரெவின்யூ கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். நம் பக்கத்தில் இது புதிதா என்ன? ஆட்சி மாறும், சட்டம் மாறும், கட்சிக் கொடி மாறும்... வரப்புச் சண்டைக்கு மட்டும் வாரிசு தவறாமல் பிறக்கும்.

ஊரில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே டிராக்டர் யாருடையது? அதுவும் ராமலிங்கத்துடையது.

இருவரையும் வளர்மதி திடலுக்கு வரவழைத்தாள். ராமலிங்கத்துக்கு அறுபது வயதிருக்கும். மகன் சிங்கப்பூரில். வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ராசாத்தி கையில் குழந்தையோடு வந்தாள். பேரப்பிள்ளை. அவள் தோளில் துவண்டு கிடந்தது. இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பேசியதெல்லாம் வளர்மதியிடம்தான்.

"டிராக்டர் தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ராமலிங்கம். "எங்க வீட்டுலயும்தான் தண்ணி இல்ல. ஆனா இன்னைக்கு வண்டி போனா, நாளைக்கு இது வண்டிப்பாதை, எங்களுக்குப் பாத்தியதை இருக்குன்னு கோர்ட்ல நிப்பாங்க. வக்கீல் என்னைத்தான் திட்டுவாரு."

ராசாத்தி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வளரு, நல்லாக் கேட்டுக்க. அவரு டிராக்டர் என் பயிர் மேல ஏறினா, நிலத்தைச் சுவாதீனம் எடுத்துட்டேன்னு சொல்லிடுவாரு. அப்புறம் நான் எங்க போயி நிக்கிறது?"

எனக்கு இருவர் மேலும் வருத்தம் வரவில்லை. அவர்கள் சொன்னதில் பொய் இல்லையே! புயல் அடித்தால் மனிதர்கள் எல்லாவற்றையும் மறந்து ஒன்றாகிவிடுவார்கள் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். அப்படி எங்கே மறக்கிறார்கள்? கூரை பறந்தாலும் கோர்ட் வாய்தா பறப்பதில்லை.

பாஸ்கர் சார் பேச வாயெடுத்தார். வளர்மதி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வெளியூர்க்காரர்கள் பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அன்று அவர் செய்த பெரிய உதவி அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

குழந்தை முனகியது. ராசாத்தி அதன் வாயில் ஒட்டியிருந்த ஈயை விரட்டினாள். பிறகு கொல்லையைப் பார்த்தாள்.

"பயிரு போனாப் போவுது" என்றாள். "போட்டு மிதிச்சுக்கிட்டு வாங்க. ஆனா ஓட்டறது அவராவும் இருக்கக்கூடாது, அவரு ஆளாவும் இருக்கக்கூடாது."

"என் ஆளுங்க எவன் இருக்கான்? அவனவன் வீட்டுக் கூரையைத் தேடிக்கிட்டு இருக்கான்" என்றார் ராமலிங்கம். "ஆனா அவங்க தெரு ஆளுங்களும் ஓட்டக்கூடாது. அப்ப யாருதான் ஓட்டறது?"

லாரி டிரைவர் டிராக்டர் பழக்கமில்லை என்று தலையை ஆட்டினார். ஜெனரேட்டர் ஆபரேட்டரும் கையை விரித்தார். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் ஓட்டட்டுமா?"

திவ்யா! எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"எங்கப்பாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல ஆன்ட்டி. காலேஜ் லீவுல நான்தான் உழவுக்குப் போவேன்."

மூன்று மாடி தள்ளிக் குடியிருக்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர என்ன தெரியும் என்று அவளை நாங்கள் யாரும் கேட்டதேயில்லை.

ராசாத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"பூதலூர்ங்க."

"உங்க ஆளுங்க யாருக்காச்சும் இங்க நிலம் கிலம் உண்டா?"

"எங்க ஊர்லயே எங்களுக்குக் கொஞ்சம்தாங்க இருக்கு."

முதலில் சிரித்தவர் ராமலிங்கம்தான். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவியை எடுத்து நீட்டினார். "கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா. பாத்து விடு."

"செத்த பொறுங்க" என்றாள் ராசாத்தி. குழந்தையை வளர்மதியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினாள். டிராக்டர் போகப்போகிற தடத்தில் இருந்த செடிகளில் காயைப் பறிக்க ஆரம்பித்தாள். அவள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பிஞ்சு, முற்றல் பார்க்காமல் பறித்து முந்தானையில் கட்டினோம். ஒரு செடியின் பூவை அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு திவ்யா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். டிராக்டர் ஒரு முறை உதறி நின்றது. இரண்டாம் முறை நகர்ந்தது. பின்னால் ஜெனரேட்டர் ஆடிக்கொண்டே வந்தது. நடுவில் ஓரிடத்தில் சக்கரம் மணலில் இறங்கிவிட, ராமலிங்கம் ஓடிப்போய்த் தென்னை மட்டையை அடியில் கொடுத்தார். மறுபக்கச் சக்கரத்துக்கு மட்டை கொடுத்தது யார் என்று பார்த்தால், ராசாத்தி. அப்போதும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை!

மோட்டார் ஓடத் தொடங்கியது. முதலில் கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்தது. வளர்மதி குளோரின் பவுடருக்குச் சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். டேங்க் நிறைந்து குழாயில் தண்ணீர் விழுந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. குடங்களை வைத்தார்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே வரிசை. ராமலிங்கத்தின் மனைவியும் குடத்தோடு அதில் நின்றார். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த பொதுச் சமையலில் கத்தரிக்காய்க் குழம்பு. எங்களுக்கும் இலை போட்டார்கள். எங்கள் பேனர் வேனை விட்டு இறங்கவேயில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போனது. எந்த ஊருக்கு அடுத்தது என்பதை அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுக்களே பேசி முடிவு செய்தன. பாஸ்கர் சார் ஞாயிறுதோறும் வளர்மதியைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இந்த வாரம் என்னம்மா வேணும்?" பதில் வாரத்துக்கு வாரம் மாறியது. தார்ப்பாய் என்றாள். அதையும் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவராதீர்கள், மன்னார்குடிக் கடையில் வாங்குங்கள், அந்தக் கடைக்காரரும் புயலில் அடிபட்டவர்தான் என்றாள். பெண்களுக்கு நாப்கின் என்றாள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் தனியாகச் சொன்னாள். மரம் அறுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். ஒரு வாரம், "ஒண்ணும் வேணாம் சார், யாரையும் அனுப்பாதீங்க, வர்றவங்களுக்குச் சமைச்சே ஓய்ஞ்சுட்டோம்" என்றாள். பாஸ்கர் சார் அதையும் கேட்டுக்கொண்டார்.

முதல் வாரம் ஊரே கிளம்பிப் போகிறது. மூன்றாம் மாதம் யார் போகிறார்கள்? வண்டிகளெல்லாம் நின்ற பிறகு, தை பிறந்த பின், வளர்மதி கத்தரி நாற்று கேட்டாள். திவ்யா பூதலூரிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் குழந்தை அப்போது திடலில் ஓடிக்கொண்டிருந்ததாம்.

வழக்கு? அது பாட்டுக்கு நடக்கிறது. ராமலிங்கமும் ராசாத்தியும் இன்னும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் டிராக்டர் தடம் பதிந்த விஷயத்தை மட்டும் இரண்டு தரப்பும் தங்கள் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை என்கிறாள் வளர்மதி. யார் அப்படிப் பேசி வைத்தார்கள்? கேட்டேன். "யாரும் பேசல மேடம். ரெண்டு பேருமே வாயைத் தொறக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

கொடுப்பதற்கு முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேள்விக்கு லாரி வாடகை கிடையாது!