மூன்றாவது புள்ளி

மாமரம் பூத்திருக்கும் நாட்களில் ஒரு கிளையைப் பிடித்து அசைத்தால் தூறல் விழுவதைப் போல ஒரு சத்தம் கேட்கும். அது மழையல்ல, நூற்றுக்கணக்கான தத்துப்பூச்சிகள் ஒரே நேரத்தில் எகிறி இலைகளில் மோதும் சத்தம். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற ஒற்றை மரத்தடியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெறுங்காலோடு நடந்தால், அவை சொட்டவிட்ட இனிப்பு நீரில் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரியும். வீட்டில் அவற்றுக்குத் ‘துள்ளன்’ என்று பெயர். அம்மாவுக்கு அவை மாங்காயைக் கெடுக்கும் சனியன்கள். எழுபதுகளின் கடைசியில் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கோ அவற்றைவிட முக்கியமாக வேறெதுவும் இருக்கவில்லை.

வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்த ஒரு மலையாளத் துண்டுப் பிரசுரத்தையும், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் ஒரு பழைய லென்ஸையும் வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்ட விஷயம் அது. முதலில் பின்னங்காலைப் பார்க்க வேண்டும். சீப்புப் பல்லைப் போல முள்வரிசை இருந்தால்தான் அது தத்துப்பூச்சி. பிறகு, கழுத்துக்குப் பின்னால் இரு சிறகுகளும் தொடங்கும் இடத்திலுள்ள சிறு முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு கரும்புள்ளிகள் இருந்து உடலும் பெரிதாக இருந்தால் ஓர் இனம். மூன்று புள்ளிகளும் சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டையும் இருந்தால் இன்னொன்று. இரண்டு புள்ளிகளோடு தலையின் முன்புறத்திலும் புள்ளிகள் கொண்ட மிகச் சிறியது மூன்றாவது. அப்பா வேலை பார்த்த மிளகுக் கிடங்கிலிருந்து கிடைத்த, கண்ணாடி மூடி போட்ட ‘சாம்பிள் பெட்டி’யில் நாற்பத்தொரு துள்ளன்களைக் காகித முக்கோணங்களின் நுனியில் கோந்து தொட்டு ஒட்டி, குண்டூசியில் நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தேன். மூடியின் உட்புறத்தில் என் பெயர் இருந்தது: எஸ். கோமதி, ஏழு பி. எரணாகுளத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து தேர்வாகியிருந்த ஒரே பெட்டி அது.

அப்பாவின் கடைசித் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கிக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். செய்முறைத் தேர்வன்று ஒவ்வொரு மாணவரும் தாமே சேகரித்த பூச்சிப் பெட்டி ஒன்றை ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே விதி. வருடம் முழுவதும் மேட்னி ஷோவுக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா ஒரு கொசுவைக்கூடப் பிடித்து வைக்கவில்லை. திங்கட்கிழமை தேர்வு. வெள்ளிக்கிழமை மாலை என் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி, “பூச்சி, இதை நான் கொண்டுபோறேன்டி” என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“புதன்கிழமை கண்காட்சி, சித்தப்பா.”

“நீ வேற பிடிச்சுக்கோ. மரம் ஓடிப்போகலை அல்லே?”

அம்மாவிடம் போய் நின்றேன். “சித்தப்பாதானே கேக்கறார், வெளியாளா? அவர் தோத்துட்டா அப்பாவுக்குத்தான் குறைச்சல். பூச்சிக்குப் போய் இத்தனை வழக்கா?” என்றார். அப்பா பத்திரிகையைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

என் கண்ணெதிரிலேயே சித்தப்பா பிளேடால் என் பெயரைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் தன் பெயரையும் எண்ணையும் ஒட்டினார். ‘குழந்தை எழுத்து’ என்று நாற்பத்தொரு பெயர்ச்சீட்டுகளையும் உருவிப் போட்டார். அந்த அவசரத்தில் நான்கைந்து பூச்சிகளின் கால்கள் உடைந்தன. “ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள காலெல்லாம் ஒட்டி வெச்சுடு” என்று பெட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “எதுக்கு எந்தப் பேர்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார்.

“முக்கோணத்துல இருக்கற புள்ளியை எண்ணினாப் போதும், சித்தப்பா.”

உடலின் அளவைப் பற்றியும் வெள்ளைப் பட்டையைப் பற்றியும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியத்திலிருந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை செய்தேன். கால்களையெல்லாம் சரியாகவே ஒட்டினேன். பிறகு, பேனா மையை ஊசிமுனையில் தொட்டு, பெரிய இனத்தைச் சேர்ந்த பதினொரு துள்ளன்களுக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பக்கமாக வந்த அம்மா, “பாரு, எத்தனை பொறுப்பா ஒட்டிக் கொடுக்கறா” என்று சொல்லிப் பழம்பொரி ஒன்று அதிகமாகக் கொடுத்தார். அதையும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு சித்தப்பா புள்ளிகளை எண்ணிப் புதுப் பெயர்ச்சீட்டுகளை எழுதி வைத்தார்.

தேர்வறையில் நடந்ததைச் சொன்னவர் சித்தப்பாவின் கூட்டாளி ஆண்டனிச் சேட்டன். திங்கட்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, சாயா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“மூணு புள்ளி இருக்கு, வெள்ளைப் பட்டை எங்கேடோன்னு சார் கேட்டார். தேய்ஞ்சு போச்சு சாரேன்னு இவன் சொன்னான். பதினொண்ணுக்கும் தேய்ஞ்சதான்னு கேட்டுட்டு, பிரஷ்ஷால ஒரு சொட்டு தண்ணி வெச்சார். நடுப்புள்ளி நீலமா ஒழுகிப் போச்சு. ‘எடோ, உன்னோட பூச்சி கண்மை இட்டிருக்கே, கல்யாணத்துக்கா’ன்னு ஒரு கேள்வி. லேப் முழுக்க ஒரே சிரிப்பு.”

சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மூணாவது புள்ளி நீ வெச்சதுதானேடி?”

“நீங்க எண்ணிப் பாத்துத்தானே பேர் எழுதினீங்க, சித்தப்பா.”

அப்பா அப்போதுதான் பத்திரிகையைத் தாழ்த்தினார். “ஏழாங்கிளாஸ் குழந்தை மையால புள்ளி வெச்சா, பி.எஸ்ஸி. படிக்கறவனுக்குத் தெரியாதாடா?” என்றார்.

சித்தப்பா அந்தத் தேர்வை அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதினார். பெட்டி திரும்பி வரவில்லை. கல்லூரிக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. புதன்கிழமை எரணாகுளம் போகும் படகில் என் இடத்தில் வேறொரு பெண் களிமண் எரிமலையோடு போனாள். உண்மையான மூன்று புள்ளித் துள்ளன்கள் ஆறு அந்தப் பெட்டியில் இருந்தன. அவற்றை நினைத்து மட்டும் அழுதேன்.

வீடு கைமாறிவிட்டது. மரத்தை வெட்டி அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். மிளகுக் கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் கடை. அறுபதைக் கடந்துவிட்ட சித்தப்பா இடப்பள்ளியில் மகனோடு இருக்கிறார். போன ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களிடம், “பூச்சி சாஸ்திரமெல்லாம் இவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தது. அதுக்கு நன்றியா, நான் சேர்த்துவெச்ச பெட்டியை மை கொட்டிக் கெடுத்தா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசத்தை முடித்துவிட்டு எழுந்து கை கழுவினேன்.

நடந்ததை நடந்தபடி இங்கே எழுதியிருக்கிறேன். இது அச்சானதும் ஒரு பிரதியை இடப்பள்ளிக்கு அனுப்புவேன். சித்தப்பாவுக்கு மலையாளம் சரளமாக வரும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மெதுவாகவே படிக்கட்டும்.