மாத்திரைக்குக் கட்டிய காப்பு

அம்மாளின் பிள்ளைகளே, நான் செத்துப் பிழைத்தவள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்திய தைப்பொங்கல் முடிந்த கையோடு காய்ச்சல் பிடித்தது. மாத்திரை போட்டால் விடும், நிறுத்தினால் திரும்ப வரும். உடம்பு பாதியாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் என் இதயத்தில் ஒரு வால்வு ஏற்கனவே பழுது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுத்தவர்கள், அந்த வால்வில்தான் கிருமி குடியேறியிருக்கிறது என்றார்கள். ஆனால் எத்தனை தடவை இரத்தம் எடுத்தும் என்ன கிருமி என்று பிடிபடவில்லை. அழுதேன். அதுவரை "காய்ச்சல எடுத்துடு தாயே" என்றுதான் மாரியம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாற்றிக் கேட்டேன். "எடுக்காட்டியும் பரவாயில்ல, என்னான்னாவது காட்டு."

மறுநாள் வார்டுக்கு ஒரு புது டொக்டரம்மா வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல ஆடு வளக்கிறீங்களா?"

"வளக்கிறோங்க. குட்டி போட்டா நான்தான் கையில ஏந்துவேன். காய்ச்சலுக்கு முந்தின ஐப்பசி மழையில ஒண்ணு செத்தே விழுந்துச்சு. நஞ்சுக்கொடியெல்லாம் நான்தான் அள்ளிப் புதைச்சேன்."

உடனே வேறொரு பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினார். கியூ காய்ச்சல் என்று வந்தது. ஆடு ஈனும்போது வரும் தண்ணீரிலும் கொடியிலும் இருந்து மூச்சோடு ஏறும் கிருமியாம். காட்டு என்றேன், காட்டிவிட்டாள். தற்செயல் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வால்வு அரித்துப் போயிருந்தது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். கொழும்புக்குப் புறப்படும்போது என் வீட்டுக்காரர் கண் கலங்கி, "அம்மாளுக்கு ஒரு கெடா வெட்டுறதா நேந்துக்கிறேன் புள்ள" என்றார்.

"ஆட்டால வந்த சீக்குக்கு இன்னொரு ஆடா? சும்மா இருங்க" என்றேன். அழுத மனுஷன் சிரித்துவிட்டார்.

நெஞ்சைத் திறந்து புது வால்வு வைத்தார்கள். பிழைத்தேன். ஆனால் விட்டால் புது வால்விலும் கிருமி ஏறிவிடும், ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் மாத்திரை போட வேண்டும் என்று, பதுளைக்குத் திரும்பியதும் டொக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அப்போதுதான் என் நேர்த்தியை முடிவு செய்தேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும் வரை விரதத்தைக் கலைக்க மாட்டோமே, அப்படி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி தயங்கினார்.

"திருவிழா இல்லாம என்னத்துக்கும்மா காப்பு?"

"மாத்திரைக்குங்க சாமி. கட்டுங்க."

லேசான விரதமா அது? வயிறு புரட்டும். அந்த மாத்திரைக்கு வெயில் ஆகாது. கொழுந்து மலைக்கு வேலைக்குத் திரும்பியபோது முகமும் கையும் எரிந்து கருத்தன. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுத்தேன். "திருடி மாதிரி நிக்கிறியேடி! ஆப்பரேஷன்தான் முடிஞ்சிருச்சே, நிறுத்தித் தொலை" என்பாள் கூடப் பறிக்கும் செல்லம்மா. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவேன். காப்புக் கட்டியவளை விரதத்தை விடச் சொல்ல அவளுக்கு வாய் வராது. நூல் நைந்தால் பூசாரி புதிது கட்டினார். ஒரு வேளையும் நான் விடவில்லை.

போன ஆடியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இனி மாத்திரை வேணாம்மா" என்றார் டொக்டரம்மா. நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி காப்பை அவிழ்த்தார். கருத்த கையில் நூல் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். தாயே, நீ கொடுத்த உயிர் இது.

இப்போது எங்கள் லயத்தில் ஆடு ஈனும்போது கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாராவது கிட்டப் போனால் என் வாய்க்குத் தப்ப முடியாது. நோயில் கிடக்கிறவர்களே, அம்மாளைக் கேளுங்கள். அவள் டொக்டர் வாயால் கேள்வி கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா என்று மனசு அலைகிறதா? எங்கள் கோயிலுக்கு வாருங்கள். நானே பக்கத்தில் நின்று உங்களுக்குக் காப்புக் கட்டச் சொல்கிறேன்.