தபாலில் வந்த செருப்பு

தபாலாபீசில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பையைத் தோளில் மாட்டினால் நாலு தெரு, மாடிக் கட்டிடம் பதினொன்று, மதியத்துக்குள் பை காலி. நடுவில் ரத்தப் புற்றுநோய் வந்து, மருந்து ஏறி, முடி போய், முடி வந்து, ஏழு வருஷம் ஓடிவிட்டது. பேர் மட்டும் போகவில்லை.

அவள் யாரிடமும் சொல்லாதது இரண்டு. மூன்றாவது மாடி ஏறினால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. பாதம் இரண்டும் பஞ்சு சுற்றிய மாதிரி மரத்துக் கிடந்தன. வருஷா வருஷம் இதயத்தை ஸ்கேன் பண்ண வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷமாகப் போகவில்லை. விஷயம் தெரிந்தால் நடையை நிறுத்தி, கவுண்டரில் உட்காரவைத்து, நாளெல்லாம் ஸ்டாம்பு விற்கச் சொல்லிவிட்டால்? முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலை, கடிதம் பிரிக்கிற மேசையில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. 'எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. அவள் பிரித்தாள். உள்ளே ஒற்றைச் செருப்பு, கூடவே ஒரு சீட்டு: 'இரண்டாவது மாடிப் படியில் கிடந்தது. கூப்பிடுவதற்குள் போய்விட்டீர்கள்.'

பக்கத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த சக தபால்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஸ்டாம்பெல்லாம் சரியாத்தான் ஒட்டியிருக்காங்க. ஏம்மா, சனிக்கிழமை வாரு அறுந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னே?"

வார் முழுசாக இருந்தது.

"கழண்டதே உனக்குத் தெரியலையா?"

அவள் செருப்பைப் பைக்குள் திணித்தாள். அவர் அவளுடைய அக்காவுக்குப் போன் போட்டார்.

மறுநாள் அக்கா அவளை ஆஸ்பத்திரிக்குக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மா தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவள் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"எது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களைக் காப்பாத்தின மருந்துதான்," என்றார் டாக்டரம்மா. "நரம்பைக் கொஞ்சம் பதம் பார்த்திருக்கு. இதயமும் கொஞ்சம் களைச்சிருக்கு. இப்பவாவது வந்தீங்களே."

"அப்ப நடக்கக் கூடாதா?"

"யாரு சொன்னா? நடங்க. நான் எழுதித் தர்ற மாத்திரையை விடாதீங்க. மாடிக்கு மாடி நின்னு ஏறுங்க. செருப்பு வேண்டாம், கயிறு கட்டுற ஷூ போடுங்க. குளிச்சதும் பாதத்தைப் பாருங்க, காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. மூணு மாசத்துல மறுபடி வரணும்."

"வருவா டாக்டர். வரலைன்னா பொட்டலம் கட்டித் தபால்ல அனுப்பிடறேன்," என்றாள் அக்கா.

அடுத்த வாரம், செருப்பு கிடந்த அதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அங்கே நின்றதே இல்லை. கதவைத் திறந்த பெரியவர் அவள் காலைப் பார்த்தார்.

"ஷூவா? அப்ப இனிமே படியில எனக்கு ஒண்ணும் கிடைக்காது."

மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஓடிவிடவும் முடியாது. வேறு வழியில்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தேங்க்ஸ்ங்க," என்றாள். "மேல ரெண்டு வீட்டுக்கு லெட்டர் இருக்கு. கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்."

"நில்லும்மா," என்று அவர் உள்ளிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார்.