ரன்வேயில் மாடு

ஜோகுபாளையத்து ரூபினி விமானத் திடலுக்கு வேலைக்கு வந்தது தரை துடைக்கத்தான். ஹொஸ்கோட்டையைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே க்ளென் சொந்தமாக வைத்திருந்த சின்னத் திடல் அது. ஒரே ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நாலு குட்டி விமானங்கள். விமானியாக இருந்து ஓய்வு பெற்ற க்ளென், குட்டி விமானத்தில் யார் வந்தாலும் இறங்க விடுவார், ஓட்டவும் கற்றுக்கொடுப்பார்.

துடைக்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சும்மா உட்காருவது ரூபினிக்கு ஆகாது. ஓடுபாதை நெடுக நடந்து கல், ஆணி பொறுக்கினாள். நாய் விரட்டினாள். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கிழிந்தபோது அவளே தைத்துக் கட்டினாள். க்ளென் ரேடியோவில் விமானிகளோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் காதில் ஏறிவிட்டது.

போன ஆடி மாதம், மாணவன் அஷ்வத் முதல் தடவையாகத் தனியாகப் பறந்தான். க்ளென் கை ரேடியோவோடு ஓடுபாதை ஓரத்தில் நின்றார். விமானம் இறங்கத் திரும்பிய நேரம் பார்த்து, அறுந்த வேலி வழியாக ஏழு மாடுகள் உள்ளே நுழைந்தன. கை ரேடியோவும் அந்நேரம்தான் உயிரை விட்டது. க்ளென் கையை ஆட்டியபடி ஓடுவதைக் கொட்டகை வாசலிலிருந்து ரூபினி பார்த்தாள். உள்ளே ஓடி, மேஜை ரேடியோவின் மைக்கை எடுத்தாள்.

"அஷ்வத் தம்பி, இறங்காதீங்க. ரன்வேல மாடு. அப்படியே மேல போயிடுங்க."

"யாரு, அக்காவா?"

"நான்தான். முதல்ல மேல போங்க."

விமானம் உறுமிக்கொண்டு மாடுகளின் தலைக்கு மேலே ஏறிப் போனது. அதட்டினால் மாடுகள் சிதறி ஓடும் என்று ரூபினிக்குத் தெரியும். க்ளென் சாப்பிட வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனாள். முன்னால் நின்ற பசுவுக்கு ஒரு பழம் கொடுத்து, மீதியைக் காட்டிக்கொண்டே வேலி வரைக்கும் நடந்தாள். மற்ற ஆறும் பின்னாலேயே வந்தன. அதற்குள் க்ளென் மேஜை ரேடியோவுக்கு வந்து அஷ்வத்தை இறங்கச் சொன்னார்.

"தரையைத் தொட்டப்போ விமானம் மூணு தரம் குதிச்சிடுச்சு, பார்த்தீங்களா அக்கா?" என்றான் அஷ்வத், இறங்கி வந்ததும்.

"ரெண்டுதான் பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன்."

க்ளென் சிரிக்கவில்லை. "லைசென்ஸ் இல்லாம ரேடியோவைத் தொடக் கூடாது, ரூபினி," என்றார். மறுநாள் அந்த லைசென்ஸ் பரீட்சைக்கான புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். "அதனால வாங்கிடு."

முதல் தடவை இங்கிலீஷ் அவளைக் கவிழ்த்தது. அப்புறம் ஐந்து மாதம், சாயங்காலந்தோறும் அஷ்வத் போனில் பாடம் படித்துக் காட்டினான். இரண்டாம் தடவை தேறிவிட்டாள். தரை துடைக்க இப்போது வேறு ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புருஷன் சுனில் ஆட்டோவில் சோறு கொண்டு வருவான். அவள் ரேடியோவில் பேசி முடிக்கும் வரை வாசலில் நின்று கேட்பான். பாதி புரியாது.

"யாருகிட்ட பேசின?"

"மைசூர் டாக்டர் ஒருத்தர். பத்து நிமிஷத்துல இறங்குவாரு. நீ ஆட்டோவைக் கொஞ்சம் ஓரமா போடு."