தெவிட்டிவிடும் என்று நினைத்தேன்

வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை சட்டையில் ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், மிட்டாய் கம்பெனியில் வேலையா தம்பி என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்...

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கயத்தாறிலிருந்து தினமும் வந்து போகிற மாதிரி, கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் முதலாளி அண்ணாச்சி என்னை எதையும் தொட விடவில்லை. மேலே தேங்காய்ப்பூ தூவிய மிட்டாயை, சூடு ஆறுவதற்கு முன்பே ஒரு தட்டு நிறைய முன்னால் வைத்தார்.

"இன்னைக்கு ஒனக்கு வேலை கெடையாது. அங்கன உக்காந்து வேணுங்கிற மட்டும் தின்னு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

புதிதாக யார் வந்தாலும் அங்கே இதுதான் வழக்கம். பாகு கிண்டுகிறவரும், பாக்கெட் போடுகிற அக்காமாரும் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விஷயம் புரியவில்லை. மத்தியானச் சோற்றைக்கூட விட்டுவிட்டுத் தின்றேன். மறுநாளும் தட்டு வந்தது. மூன்றாம் நாள் வாசனைக்கே குமட்டியது.

அவ்வளவுதான். ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். நாள் முழுக்க மிட்டாய்க்கு நடுவில் நின்றாலும் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. ஊருக்குப் போய் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன், மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று... அது வெறும் குமட்டல்தான் என்று ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகள் தாரணியை நினைத்துத்தான்.

பிளஸ் ஒன் படிக்கிறாள். ஹாக்கி ஆடுவாள். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அது பெரிய அதிசயம் இல்லை, தெருவுக்கு நாலு ஸ்டிக் இருக்கும். ஆனால் இவள் அலாரம் இல்லாமலே ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். ஸ்கூட்டரில் கிரவுண்டுக்குக் கூட்டிப்போவேன். அவள் ஆடுவாள், நான் சுற்றி நடப்பேன். எனக்குச் சுகர். நடக்கச் சொன்னது டாக்டர், நடக்க வைத்தது அவள். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. அன்றைக்கும் எனக்கு முன்னால் கிளம்பி நிற்பாள்.

பத்தாவது லீவில் அம்மாவின் போனை ஒளித்து ஒளித்துப் பார்க்க ஆரம்பித்தாள். திட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அண்ணாச்சியின் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. புதுப் போனே வாங்கிக் கொடுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார், யாரும் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். பத்து நாளில் தெவிட்டிவிடும், தானே தூக்கிப் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"என்ன காரியம் செய்யுதீங்க? மிட்டாய்னா வயிறு நெறஞ்சா போதும்னுரும். இதுக்கு எந்த வயித்தக் கண்டீங்க?"

சிரித்தேன்... அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் ஒரு மாதமானது. ஐந்து மணி ஏழானது, எட்டானது. சாப்பிடும்போது தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. மூன்றாம் நாள் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மாவட்ட டீம் செலக்ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைக்கு மேலுக்கு முடியவில்லையா என்று கேட்டார். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உள்ளறையிலிருந்து ரீல்ஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்த மனுஷன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

செலக்ஷன் அன்று காலையில் எழுப்பினேன். திட்டக்கூட இல்லை, கெஞ்சினேன். இன்று ஒருநாள் மட்டும் வா என்றேன். போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"நீங்க நடக்கப் போறீங்களாப்பா? முழிச்சதும் நீங்களும் போனத்தான பாக்குதீங்க."

அவள் போவதை நிறுத்தியதும் நானும் நிறுத்தியிருந்தேன். படுக்கையிலேயே கிடந்து, யார் யாரோ சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுகர் ஏறியிருக்கிறது. டீக்கடையில் சீனி வேண்டாம் என்று சொல்லவும் வாய் வருவதில்லை. அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது எங்கள் மனசு இல்லை, வயிறுதான். இன்றைக்கு அதுவும் துணைக்கு இல்லை. வேறு எதைக் கொண்டு அவளைக் காப்பாற்றுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் போகவில்லை.

நேற்று சாயங்காலம் டீம் போட்டோவை யாரோ போட்டிருந்தார்கள். தாரணிக்குக் காப்பி கொடுக்கப் போனவன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவளோடு ஐந்து வருஷம் ஆடிய பிள்ளைகள் புது ஜெர்சியில் வரிசையாக நிற்கிறார்கள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றுகூட நினைத்தேன். அழுதிருந்தால் எனக்குப் பாதி உயிர் வந்திருக்கும்.

மூன்று நொடி பார்த்திருப்பாள்... பெருவிரலால் மேலே தள்ளிவிட்டாள். அடுத்து யாரோ டான்ஸ் ஆடுகிற வீடியோ வந்தது. அதைப் பார்க்க ஆரம்பித்தாள்.