டயல் டோனுக்குக் கீழே

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மனுப் போட்டது எப்போது என்பதை அம்மாவே மறந்துவிட்டிருந்தாள். வந்த அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரிசீவரைத் தூக்கினால் கர்ரென்று வரும் டயல் டோனும் கிட்டாரின் மூன்றாவது கம்பியும் ஏறக்குறைய ஒரே ஸ்வரம். போனில் வருவது ஒரு ஸ்தாயி மேலே, அவ்வளவுதான். சுருதி பார்க்கும் மெஷின் இல்லாதவர்கள் இப்படித்தான் சேர்த்தோம். மூன்றாவது கம்பி நின்றுவிட்டால் மற்ற ஐந்தையும் அதை வைத்தே நிறுத்திவிடலாம். "பில் ஏறுதுடா, வையிடா கீழ" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். ஏறாது என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

நாங்கள் இருந்தது ஜீவனஹள்ளியில். எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால் பெட்டியை எடுக்கும்வரை துக்க வீட்டில் பாட்டு நிற்கக் கூடாது. அழுகிறவர்கள் அழுதுகொண்டிருக்க, வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாங்கள் பாடிக்கொண்டே இருப்போம். கிட்டார் நான். பாட்டு என் அக்கா. கொயர் மாஸ்டரும் மற்றவர்களும் கூடச் சேர்ந்துகொள்வார்கள்.

அக்காவுக்குக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. துக்க வீடு என்றால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டாவது லீவு வாங்கிவிடுவாள். கல்யாணத்துக்குப் பாடக் கூப்பிட்டால் வரமாட்டாள். "அங்க யாருடா பாட்டு கேக்கறாங்க? எல்லார் கண்ணும் பிரியாணி டேக்ஸா மேல" என்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப்பற்றி யாராவது பேச்செடுத்தால் அவர்கள் வீட்டு விஷயம் ஒன்றை எடுத்துப் போட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அவள் வழக்கமாகப் பாடும் கீர்த்தனை ஒன்றில், சரணத்தில் குரல் சட்டென்று மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் அங்கே கத்துவார்கள். இவள் சாதாரணமாகப் படியேறுவதுபோல் ஏறிப்போய் நிற்பாள். உள்ளே பெட்டியைப் பிடித்துக்கொண்டு அலறுகிற பெண்கள்கூட அந்த ஒரு மூச்சுக்கு அடங்குவார்கள். எனக்கு அவள்மேல் பொறாமையாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் டாக்டர். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். பேச்சு வரும், மேலே பாடுவது கஷ்டம், கட்டி திரும்பவும் வரலாம். வீட்டுக்கு வந்து தையல் ஆறியதும் அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்தாள். ஏறும் இடத்தில் குரல் இல்லை, வெறும் காற்று வந்தது. அதற்குப் பிறகு துக்க வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவளுக்குப் பாட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் பிரேசர் டவுனில் முடி வளர்த்த பையன்கள் சிலர் ஒரு கராஜில் ராக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் நானும் போய் நிற்பேன். கிட்டார் உறும வேண்டும் என்பதற்காக ஆறு கம்பியையும் சுருதியில் அரைக்கட்டை தளர்த்துவார்கள். அடிச் சுருதி தரும் தடித்த கம்பியை மட்டும் இன்னும் ஒரு கட்டை தளர்த்துவார்கள். அதற்கு டிராப் என்று பெயர். வீட்டில் அப்பாவைக் கண்டால் நடுங்குகிற பயல்கள், அந்தக் கம்பியை அடிக்கும்போது மட்டும் உலகத்தையே தின்றுவிடுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைத் துக்க வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அக்கா என் இடது கையைப் பார்த்துத்தான் எந்தச் சுருதி என்று தெரிந்துகொள்வாள். டி என்கிற கார்டை நான் பிடித்தால் பாட்டு இரண்டு கட்டையில். அந்தப் பிடியை மாற்றாமல் கம்பிகளை மட்டும் தளர்த்திவிட்டால் பாட்டு கீழே வந்துவிடும், கை பழைய இடத்திலேயே இருக்கும். அவளிடம் சொல்லாமல் அரைக்கட்டை குறைத்துவிட்டு, "சும்மா கூட வந்து உக்காரு, பாட வேணாம்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சரணம் வந்தது. ஏறினாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது. மூச்சு அறுந்த இடங்களில் நான் அடிக்கம்பியை விடாமல் ஒலிக்கவிட்டு மூடினேன். பாட்டு முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுச்சுடா" என்றாள்.

"வராம எங்க போகும்?" என்றேன்.

கட்டி திரும்ப வந்தது. குரல் குறையக் குறைய நானும் கம்பியைக் குறைத்துக்கொண்டே போனேன். அரைக்கட்டை ஒரு கட்டையாகி, ஒன்றரையானது. தளர்ந்த கம்பிகள் கிட்டாரின் கழுத்தில் பட்டுக் கிலுகிலுத்தன. தடித்த கம்பிகளாக வாங்கி மாட்டினேன். கூடப் பாடும் ஆண்கள் அடியில் சத்தம் வராமல் முனகினார்கள். "ஏம்பா, பாட்டு பாதாளத்துக்குப் போயிட்டிருக்கு" என்றார் கொயர் மாஸ்டர். நான் முறைத்த முறைப்பில் அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அக்கா போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். மடியில் என் கிட்டார். மூன்றாவது கம்பியை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். டயல் டோன் அதன் இடத்திலேயே இருக்கும், கம்பி எங்கேயோ கீழே கிடந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

"ரொம்பக் கீழ வந்துட்டோம் இல்ல?" என்றாள், திரும்பாமலே. அவள் பேச்சே அப்போது கிசுகிசுப்பாகத்தான் வரும்.

"எப்ப தெரிஞ்சுது?"

"மொத நாளே. பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ. எனக்குப் பாடணும்டா."

ரிசீவரை வைத்தாள். கிட்டாரை என் பக்கம் நீட்டினாள். "எனக்கு வாசிக்கறப்ப மட்டும் பழைய எடத்துல வச்சு வாசி. யாருக்காகவும் கொறைக்காத."

வாயை மூடு என்று திட்டினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் போய்விட்டாள். அன்று போன் ஓயவில்லை. கோலார், சேலம், வேலூர் என்று சொந்தக்காரர்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் வரிசையாக நின்று தகவல் சொன்னார்கள். எனக்கு டயல் டோன் வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கடைசியில் சித்தப்பாவின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி லைனை வெட்டினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நகர்ந்து வழிவிட்டார்கள். தடித்த கம்பிகள் அந்த உயரத்துக்கு வர மறுத்தன. கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். அடிக்கம்பியையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். விரலை வைத்து அழுத்தினால் தோல் கிழிந்தது.

ஷாமியானாவுக்குக் கீழே போய் அவளுடைய கீர்த்தனையை எடுத்தேன். பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். சரணம் ஏறும் இடத்தில் முதலில் ஆண்கள் விட்டார்கள். பெண்கள் இரண்டொருவர் முயன்று பார்த்து, இருமி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்டார் மட்டும் கேட்டது. கொயர் மாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"கொஞ்சம் கொறைப்பா. யாருக்கும் எட்டல."

நான் குறைக்கவில்லை. பெட்டியை எடுக்கும்வரை அந்தச் சரணத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த இடம் வந்தபோதெல்லாம் யாரும் பாடவில்லை.