குப்பைமேட்டுக் கண்டாங்கி

அன்னக்கிளி என் கொழுந்தன் பெண்டாட்டி. ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதுதான் ஆகாது.

அவளுக்குக் குப்பை என்று ஒன்று கிடையாது. கானாடுகாத்தானில் செட்டியார் வீடு கட்டுகிற இடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போவாள். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு திரும்புவார்கள். இவள் மடி நிறைய உடைந்த பூக்கல்லும் பீங்கான் சில்லும் கொண்டுவருவாள். அதைச் சுண்ணாம்பில் பதித்தே அடுப்படிக்குத் தரை போட்டுவிட்டாள். ரங்கூன் சாமான் வந்த மரப்பெட்டி அவள் வீட்டில் கோழிக்கூடு. ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய்த் தகரம் முறம்.

என் வீட்டில் பித்தளைப் பானை பளபளவென்று அடுக்கியிருக்கும். வருகிறவள் அதைப் பார்க்க மாட்டாள். குட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டி, அன்னக்கிளி வீட்டுத் தரையைப் பார்ப்பாள்.

"அன்னக்கிளி கையி லேசுப்பட்ட கையா!" என்பாள்.

என் கை மட்டும் என்ன, விறகுக் கட்டையா?

என் புருசன் வீரணன் வாந்திபேதியில் போனபோது எனக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அண்ணன்மார் வந்து வெள்ளைச் சேலை போட்டார்கள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது. மஞ்சள் கட்டம் போட்டது. அந்த மனுசன் சுருட்டு நெருப்பு விழுந்து ஒரு பொத்தல் வேறு. தாலி அறுத்தவள் சேலையை யார் வாங்குவார்கள்? துணி வெளுக்கிறவள்கூட வேண்டாமென்று கையை எடுத்துக்கொண்டாள். கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

என் மகள் விசாலத்தை நாட்டரசன்கோட்டையில் கொடுத்தேன். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது உண்டானபோது அவள் மாமியார் அக்கம்மாள் வெட்டென்று சொல்லிவிட்டாள், இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று. விசாலம் என் வீட்டில் பெற்றாள். ஆண்பிள்ளை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தான்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போட மாட்டோம். தாலியோடு வாழ்கிறவள் கட்டிக் கட்டி நைந்த சேலையில்தான் தொட்டில் கட்டுவோம். என் பெட்டியில் இருந்ததெல்லாம் வெள்ளை. அன்னக்கிளி வீடுவீடாகப் பழஞ்சேலை கேட்டு வாங்கி, அடுக்கடுக்காக வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள்.

"வெண்ணெ கணக்கா இருக்கு சின்னம்மா" என்று என் மகள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

தொட்டில் கட்டுகிற அன்றைக்கு அக்கம்மாள் வந்தாள். துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"யாரு யாரு சேலைய வச்சுத் தச்சீக?"

"எல்லாம் மஞ்சக் குங்குமத்தோட வாழுறவுக சேலைதான் சம்பந்தியம்மா" என்றாள் அன்னக்கிளி.

நான் மூலையில் நின்றேன். விட்டத்தில் கட்டிய துணி என் முகத்துக்கு நேரே தொங்கியது. ஓரத்தில் தையல் விட்டிருந்தது. உள்ளே அரக்கு தெரிந்தது. மஞ்சள் கட்டம். விரலை விட்டேன், பொத்தலும் இருந்தது.

என் சேலை! நான் போட்டதை இவள் பொறுக்கி, என் பேரனுக்கே கட்டி, பேரையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். "அது என்னுதுடி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் பேர் நாறிப்போகும். அக்கம்மாள் தொட்டிலை அறுத்து எறிந்துவிட்டு, என் மகளை அங்கேயே விட்டுவிட்டுப் போவாள்.

"அங்க என்ன தடவுறீக?" என்றாள் அக்கம்மாள்.

"ஏடி அன்னக்கிளி! இதுக்குப் பேரு தையலா? கோணியக்கூட இதவிட ஒழுங்காத் தைப்பாக. ஊசியக் கொண்டு வாடி!" என்று கத்தினேன்.

அன்னக்கிளி என் விரலைப் பார்த்தாள். ஓடிப்போய் ஊசி கொண்டுவந்தாள். அக்கம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையாலேயே தைத்து மூடினாள்.

பிறகு அவளைக் கொல்லையில் பிடித்துக்கொண்டேன்.

"என் சேலைய ஏன்டி எடுத்த?"

"குப்பையில போட்டுட்டு உங்க சேலைங்கிறீக?"

"தைரியந்தான்டி உனக்கு. யாரும் பாத்திருந்தா?"

"அதான் உள்ள வச்சுத் தச்சேன்" என்றாள். "எல்லாத்துலயும் அதுதான்க்கா மெத்துன்னு இருந்துச்சு."

பிள்ளை தங்கினான். முத்துவீரன் என்று பேர் வைத்தார்கள். அன்னக்கிளி தொட்டில் ராசியான தொட்டில் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அவன் நடக்க ஆரம்பித்ததும் அன்னக்கிளி தொட்டிலைப் பிரித்தாள். அப்போதும் வீசவில்லை. ஒரு சேலையை அடுப்படிக் கரித்துணியாக்கினாள், ஒன்றை விளக்குத்திரியாகத் திரித்தாள். ஒருநாள் ஊருணிக்கரையில் பார்க்கிறேன், குடத்துக்கு அடியில் சும்மாடு. அரக்கு. மஞ்சள் கட்டம். என் கண்டாங்கியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி வருகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எறக்குடி குடத்த. அதக் குடு."

"கந்தத் துணிக்கா இது."

"தெரியும். குடு."

கொடுத்தாள். என் தலையில் வைத்து, தண்ணீர்க் குடத்தை மேலே தூக்கிவைத்தேன். தெருவில் எதிரே வந்தவர்கள் யாரும், வெள்ளைச் சேலைக்காரி தலையில் அரக்கு எதற்கு என்று கேட்கவில்லை. சும்மாடுதானே. ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.